மூன்றாவது பேஸ்

டிஜிட்டல் லாஜிக் நடத்துகிற எல்லோரும் முதல் வகுப்பில் ஒரு பொய் சொல்வோம். எந்தக் கேள்வியையும் ஆம், இல்லை என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்போம். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். புதுக்கோட்டைக்கு வெளியே பொட்டலில் நிற்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இந்தப் பொய்யை வருடம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். அங்கே இடம் கிடைக்காதவர்கள்தான் எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள். முதல் இரண்டு பெஞ்சுகளோடு என் வகுப்பு முடிந்துவிடும். மீதி பெஞ்சுகளில் புறாக்கள் உட்கார்ந்திருக்கும்.

நான் கறாராகச் சொல்லும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஐசி சில்லைக் கையில் எடுக்காதே, முதலில் அட்டவணை போடு. உள்ளே வரக்கூடிய நிலைமைகளை எல்லாம் வரிசையாக எழுது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நிலைமையில் சர்க்யூட் என்ன சொல்ல வேண்டும், ஒன்றா பூஜ்யமா என்று முடிவு செய். எந்த வரியையும் 'இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது' என்று விட்டுவிடாதே. அட்டவணை சரியாக அமைந்துவிட்டால் பாதி டிசைன் முடிந்த மாதிரி. மாணவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "மேம், இது டூ மார்க்கா, பிக் கொஸ்டினா?" என்பாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். ஆனால் கத்த மாட்டேன். கத்தினால் அந்த இரண்டு பெஞ்சும் காலியாகிவிடும் என்ற பயம்.

இந்தப் பாடத்தால் வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது சாதித்துவிடலாம் என்று ஒரே ஒரு முறை நம்பினேன். அது என் தம்பியின் மோட்டாருக்காக.

கறம்பக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு கொல்லை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தை நாங்கள் கொல்லை என்போம். அப்பாவுக்குப் பிறகு தம்பிதான் அதைப் பார்க்கிறான். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு. அடியில் எங்கேயோ பாதாளத்தில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் தொங்குகிறது. அது ஓடினால் கடலை உண்டு, நெல் உண்டு. ஓடாவிட்டால் ஒன்றும் இல்லை.

அந்த மோட்டாருக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். மூன்று கம்பியிலும் கரண்ட் வந்தால்தான் அது ஒழுங்காகச் சுற்றும். கொல்லைப் பக்கம் மூன்றும் சேர்ந்து வருவது நாளில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரத்தில் இரண்டு கம்பியில் மட்டும் கரண்ட் இருக்கும். வீட்டில் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும், மோட்டார் ஓடாது. ஓட்டினால் முனகிக்கொண்டு நிற்கும், சூடாகும், உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள், காயில் என்போம், கருகிப்போகும். அப்புறம் நீளநீளக் குழாய்களைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கி, பட்டறைக்குக் கொண்டுபோய், காயில் கட்ட வேண்டும்.

இதற்கு ஊரில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கண்டன்சர். கரண்ட் இருக்கிற ஒரு கம்பியிலிருந்து கொஞ்சத்தை இழுத்து, செத்துக் கிடக்கும் மூன்றாவது கம்பிக்கு அது கொடுக்கும். மோட்டார் ஏமாந்துபோய்ச் சுற்றும். கூடாது என்று மின்வாரியத்தார் சொல்கிறார்கள். சரி சரி என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் போட்டிருக்கிறார்கள். சில மோட்டார் வருடக்கணக்கில் தாங்கும், சில மோட்டார் ஒரு வெள்ளாமைக்குக்கூடத் தாங்காது. தம்பியுடையது தாங்காத ஜாதி. அடுத்தடுத்து இரண்டு தடவை கருகிப்போனது.

இரண்டாம் தடவை கருகியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். தம்பி கண்டன்சரைப் பிடுங்கி வேலி ஓரம் எறிந்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை இந்த மோட்டாரு போச்சுன்னா நான் பிளைட்டு ஏறிருவேங்க்கா. அங்கிட்டுப் போனவன்லாம் நல்லாத்தான் இருக்கான்."

அங்கிட்டு என்றால் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். தம்பியின் மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் கரண்டி ஒரு நொடி நின்றது. அவளுடைய அப்பா அப்படிப் போனவர்தான். அவள் ஆளாகி, கல்யாணமாகி வரும்வரை அப்பாவைப் பார்த்ததைவிட அவர் அனுப்பிய போர்வைகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பஸ் ஏற்றிவிட அவள்தான் கூட வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அண்ணி, நீங்க காலேஜ்ல இதத்தான நடத்துறீங்க? எது எப்ப ஓடணும், எப்ப ஓடக்கூடாதுன்னு முடிவு பண்ற சர்க்யூட்டு?"

"ஆமா."

"நம்ம மோட்டாருக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க அண்ணி. கருகாம இருந்தாப் போதும். அவுக போகமாட்டாக."

எத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இது எதற்கு உதவும் என்று அதுவரை ஒரு ஜீவனும் என்னைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் வந்த தூசியில் அது அவளுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மோட்டாரையே பாடமாக எடுத்தேன். நான்கு கேள்விகள். முதல் கம்பியில் கரண்ட் இருக்கிறதா, இரண்டாவதில், மூன்றாவதில், கிணற்றில் மோட்டார் முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா. நான்கு கேள்விக்குப் பதினாறு வரிகள். பதினைந்து வரிகளில் பூஜ்யம். கடைசி வரியில், நான்கும் ஒன்றாக இருக்கும்போது மட்டும், ஒன்று. மோட்டார் ஓடலாம்.

மாணவர்களுக்கு ஏமாற்றம். அட்டவணையைக் கட்டங்களில் நிரப்பி, அக்கம்பக்கத்து ஒன்றுகளைச் சுற்றி வட்டம் போட்டுச் சுருக்குவதுதான் இந்தப் பாடத்தில் அவர்களுக்குப் பிடித்த பகுதி. கே-மேப் என்போம். இங்கே பதினாறு கட்டத்தில் ஒரே ஒரு ஒன்று, துணைக்கு ஆள் இல்லாமல் நின்றது.

"மேம், இதுல குரூப்பிங்கே வரலையே."

"வராது. சுருக்க ஒண்ணுமில்ல."

"அப்ப எக்ஸாமுக்குக் கேக்கமாட்டாங்க" என்று பேனாவை மூடி வைத்தார்கள்.

கேட்காவிட்டால் போகட்டும். நாலு வழி உள்ளே, ஒரு வழி வெளியே, ஓர் ஆண்ட் கேட். அது ஒரு பிடிவாதக்கார ஜந்து. உள்ளே வரும் எல்லாக் கம்பியும் ஆம் என்றால்தான் அது ஆம் என்று சொல்லும். ஒன்று முகம் திருப்பினாலும் முடியாது என்றுவிடும். எனக்கு அதைப் பிடிக்கும். மெயின் கரண்டை நேரே ஐசிக்குள் விட்டால் பொரிந்துவிடும் என்பதால் நடுவில் வேண்டிய தடுப்புகளை வைத்தேன். தண்ணீர் மட்டம் பார்க்க, கிணற்றுக்குள் தொங்கும் இரண்டு ஒயர். கரண்ட் விட்டு விட்டு வந்தால் மோட்டார் துள்ளாமல் இருக்க, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓடவிடும் ஒரு டைமர். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தேன். ஓடலாம் என்றால் பச்சை விளக்கு, கூடாது என்றால் சிவப்பு. லேபில் பல்புகளை வைத்துப் பதினாறு வரியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினாறும் சரி.

தம்பி காயில் கட்டி மோட்டாரை இறக்கியதும் நானே பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன். மூன்று கம்பியும் இருந்த நேரம். பச்சை எரிந்தது, தண்ணீர் கொட்டியது. ஒரு பியூஸைப் பிடுங்கினேன். சிவப்பு, மோட்டார் நின்றது. திரும்ப மாட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சை.

தம்பி சிரித்தான். "ஒன்னய மாதிரியே இருக்குக்கா. எதுக்கெடுத்தாலும் முடியாதுங்குது."

அவன் மனைவி பெட்டியை முந்தானையால் துடைத்தாள். புதுப்பெட்டி, அதில் துடைக்கத் தூசி எதுவும் இல்லை. விபூதி எடுத்து வந்து பூசி, ஒரு பூவும் வைத்தாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடலை போட்டார்கள். முளைத்தது, பூத்தது. அப்புறம் மழை ஏய்த்துவிட்டது.

கடலைக்குப் பூ விழுந்து விழுது மண்ணில் இறங்கும் நேரத்தில் ஈரம் வேண்டும். மண் இறுகிவிட்டால் விழுது இறங்காது, செடி பச்சையாகவே நின்று ஏமாற்றும். அந்த நேரத்தில்தான் அவள் போன் பண்ணத் தொடங்கினாள்.

"அண்ணி, பெட்டி செவப்பாவே இருக்கு."

"இருக்கும். ரெண்டு பேஸ்தான வருது. அதுக்குத்தான வச்சிருக்கு."

"மேலக்கொல்லையில ஓடுது அண்ணி. தெக்க ஓடுது. எல்லாரும் கண்டன்சர்ல ஓட்டுறாக. நம்மளது மட்டும் நிக்கிது."

"த்ரீ பேஸ் வர்றப்ப ஓடும்ல?"

"அது பொழுது சாஞ்சுதான வருது, அப்பத் தண்ணி இல்ல அண்ணி. பகல் பூரா அவுக இழுத்துர்றாக. நம்ம ஓட்டுனா கொஞ்ச நேரத்துல செவப்பு வந்துருது."

நான் போனை வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கொல்லைகளுக்கெல்லாம் அடியில் ஒரே தண்ணீர்தான். பகலில் அது இருக்கும்போது மூன்றாவது பேஸ் இருப்பதில்லை. மூன்றாவது பேஸ் வரும்போது தண்ணீர் இருப்பதில்லை. என் அட்டவணையின் கடைசி வரி, அந்த ஒரே ஒரு ஒன்று, அந்தக் கொல்லையில் வருவதே இல்லை. சர்க்யூட்டில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. தப்பு இருந்தால் கழற்றிச் சரிபண்ணியிருப்பேன்.

"கொஞ்சம் பொறுத்துக்க. மோட்டாரு தப்பிச்சாப் போதும்னு நீதான சொன்ன" என்று அடுத்த தடவை சொன்னேன்.

"கடலை போனாலும் அவுக போயிருவாக அண்ணி" என்றாள்.

பிறகு சில நாள் போன் இல்லை. ஒருநாள் மத்தியானம், நான் வகுப்புக்குப் போகும் வழியில், கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணி, பச்சை எரியுது. பகல்லயே எரியுது."

லைனில் ஏதோ மாற்றிவிட்டிருக்கிறார்கள், பகலிலும் மூன்று பேஸ் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லதாப் போச்சு என்றேன். அன்றைய வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேனாம், ஒரு பெண் அப்புறம் சொன்னாள்.

கடலைக்கு இரண்டு தண்ணீர் பாய்ந்தது. மூன்றாவது தண்ணீர் பாயும்போது மோட்டார் நின்றது.

தகவல் தெரிந்து நான் போனபோது மோட்டார் கொட்டகையில் யாரும் இல்லை. பெட்டியில் பூ காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் புதிதாக ஒரு கண்டன்சர் மாட்டியிருந்தது. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் பெட்டியைக் கழற்றித் தூர வைத்துவிட்டு கண்டன்சரை நேரே மோட்டாருக்குக் கொடுத்திருப்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை என்று பிறகு அவளே சொன்னாள். தம்பி கறம்பக்குடி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், மேலக்கொல்லைக்கு வழக்கமாக வரும் ஒயர்மேனை அவள் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பெட்டியில் கை வைக்கப் போனபோது தடுத்திருக்கிறாள். "அத மட்டும் தொடாதீங்க, அண்ணி செஞ்சது" என்றிருக்கிறாள். அதனால் அவர் பெட்டிக்கு முன்னாலேயே, மெயினை ஒட்டி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது கம்பியில் கண்டன்சர் கொடுத்த கரண்ட். என் பெட்டி, கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும், எங்கிருந்து வந்தது என்று கேட்காது. ஒன்று, ஒன்று, ஒன்று, தண்ணீரும் ஒன்று. பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. என் மேல் இருந்த மரியாதைக்காக அவள் செய்த காரியம். அந்தப் பெட்டி கடைசிவரை உண்மையாக நடந்துகொண்டு மோட்டாரைக் கருக்கியது.

அவள் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பச்சை எரிஞ்சுச்சே அண்ணி. எரியலைன்னா நான் அப்பயே கழட்டச் சொல்லியிருப்பேன். பெட்டியே சரின்னு சொல்லுதேன்னு இருந்துட்டேன்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஒயர்மேன் மேலா, மேலக்கொல்லைக்காரர் மேலா, மழை மேலா, கரண்ட் மேலா. அவள் மேல் மட்டும் வரவில்லை. "எந்திரி, வெயில்ல ஒக்காராத" என்றேன். எழுந்திருக்கவில்லை. "நானே அவுகளை அனுப்பிவிட்டேன் அண்ணி, நானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி வேலிப் பக்கம் நின்று குழாய் தூக்கும் ஆட்களுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் அவனிடம் போனேன்.

"அவள ஒண்ணும் சொல்லாதடா. பயிரக் காப்பாத்தத்தான் செஞ்சிருக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப போகாத. மறுபடி கட்டிக்கலாம். நான் பெட்டிய மாத்தி, கண்டன்சர் போட்டாக் கண்டுபிடிக்கிற மாதிரி பண்ணித் தாரேன்."

அவன் கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

"விசா வந்துருச்சுக்கா. கடலை போடுறதுக்கு முன்னாடியே வந்துருச்சு."

"முன்னாடின்னா? மோட்டாரு நல்லா ஓடிட்டிருந்தப்பயா?"

"ஆமா. கடலையப் புடுங்கிக் குடுத்துட்டுப் போவம்னு இருந்தேன்."

"அப்பறம் எதுக்குடா மோட்டாரு போச்சுன்னாப் போவேன்னு சொன்ன?"

"வேற என்னன்னு சொல்றது? எனக்கு இது புடிக்கலைன்னு சொல்லவா? இங்கிட்டு நின்னு நின்னு எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதுக்கா. ஓடுனாலும் தோணல, நின்னாலும் தோணல. அவகிட்ட அதச் சொல்ல முடியுமா?"

அவன் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. நாளைக்கு எந்த பஸ் என்று சொல்வதுபோலச் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் வரிகளைப் போட்டேன். மோட்டார் ஓடினால், கடலை விளைந்தால், போவான். மோட்டார் ஓடினால், கடலை காய்ந்தால், போவான். மோட்டார் கருகினால், கடலை விளைந்தால், போவான். கருகி, காய்ந்தால், போவான். நான்கு வரியிலும் ஒன்று. வகுப்பில் இப்படி ஒரு விடை வந்தால், இங்கே டிசைன் பண்ண எதுவுமில்லை, உள்ளே வருகிற கம்பிகளை எல்லாம் வெட்டிவிடலாம், எது வந்தாலும் இது மாறப்போவதில்லை என்று சொல்லிக்கொடுப்பேன்.

"இத அவகிட்டச் சொல்லு" என்றேன்.

"வேணாங்க்கா. மோட்டாராலதான் போறேன்னே இருக்கட்டும்."

"அவ தன்னாலதான்னு செத்துக்கிட்டிருக்கா."

"கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்" என்றான். அவனை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். குழாய் தூக்குகிறவர்களின் வண்டி வந்துவிட்டது.

அவர்கள் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரப்பு ஓரம் அடுக்கினார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டியிருந்த சேறு வெயிலில் உடனே காய்ந்து வெளுத்தது. மத்தியானத்துக்கு மேல் மோட்டார் வெளியே வந்தது. கருகிய வாடை வீடுவரைக்கும் அடித்தது. தம்பி அதை வண்டியில் ஏற்றி அவர்களோடு பட்டறைக்குப் போனான். கொல்லையில் நாங்கள் இருவர் மட்டும்.

கடலைச் செடி பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பாதி விழுது காற்றிலேயே காய்ந்து நின்றது.

அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பி என்ன நினைத்தாலும் சரி. செய்யாத பாவத்தை ஒரு பெண் தலையில் தூக்கி வைத்துவிட்டு ஒருவன் விமானம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இங்க பாரு. ஒன்னால ஒண்ணும் இல்ல. அவனுக்கு விசா எப்பவோ வந்துருச்சு. கடலை போடுறதுக்கு முன்னாடியே. மோட்டாரு நல்லா ஓடியிருந்தாலும் போயிருப்பான். அவனே சொன்னான்."

அவள் அழுவதை நிறுத்தினாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். அழுதபோது இருந்த முகத்தைவிட அந்த முகம் மோசமாக இருந்தது. நான் ஒரு பாரத்தை இறக்கி வைத்ததாக நினைத்தேன். அவள் கையில் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாக அப்போதுதான் பட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் எடுத்திருப்பேன்.

குழாய்களுக்குப் பக்கத்தில் கிடந்த நீளமான ஒயரை இழுத்து, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அவள் சுற்ற ஆரம்பித்தாள். முழுவதும் சுற்றி, நுனியைச் செருகி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவுக அப்படிச் சொன்னாகன்னு வேற யாருகிட்டயும் சொல்லிறாதீங்க அண்ணி" என்றாள். "மோட்டாராலதான் போனாகன்னே இருக்கட்டும். மோட்டாருன்னா காயில் கட்டிரலாம்."